சோஜர்னர் ட்ரூத் அந்த வரியைச் சொன்னாரா? நாற்காலி போட்டவளின் குறிப்புகள்

ஒரு வாசகர் கேட்டது:

நேற்று ஒரு காணொளி பார்த்தேன். ஒரு கருப்பினப் பெண்மணி, தலையில் வெள்ளைக் குல்லா, தோளில் சால்வை, சோஜர்னர் ட்ரூத்தாகவே மாறி 1851 உரையைப் பேசுகிறார். 'நான் பெண் இல்லையா?' என்று நாலு தடவை கேட்கிறார். அழுதுவிட்டேன். கீழே ஒருவர், 'இந்த வரியை அவர் சொல்லவே இல்லை' என்று எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் ஓட்டை தேடணுமா? அவர் பேசியதைத்தானே நடிக்கிறார்கள்? நீங்கள் ஒஹாயோவில் நூலகத்தில் வேலை செய்பவர், இப்படி நிகழ்ச்சிகள் வைப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

நிகழ்ச்சி வைப்பது மேலதிகாரி. நான் நாற்காலி போடுகிறவள், ஒலிவாங்கிக்கு பேட்டரி மாற்றுகிறவள், சுவரொட்டி அடிக்கிறவள். (சுவரொட்டியில் ஒரு கதை இருக்கிறது. இன்னொரு நாள்.)

அழுததில் தப்பில்லை. அதே வரிக்கு நானும் அழுதிருக்கிறேன். ஆனால் கீழே எழுதியவரிடம் சரக்கு இருக்கிறது.

1851 மே கடைசியில் ஒஹாயோவின் ஏக்ரன் நகரில் பெண்கள் உரிமை மாநாடு. அதில் ட்ரூத் பேசினார்; அடிமையாகப் பிறந்து, விடுதலையான பிறகு அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் ஊர் ஊராகப் பேசியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே அவர் கைப்பட எழுதிய பிரதி என்று ஒன்று கிடையாது. கூட்டத்தில் இருந்த மேரியஸ் ராபின்சன் என்பவர் அந்த உரையை எழுதி, தான் நடத்திய அடிமை ஒழிப்புப் பத்திரிகையில் ஜூன் 21 அன்று வெளியிட்டார். ஒரு மாதத்துக்குள். அவர் ட்ரூத்துக்குத் தெரிந்தவரும்கூட. அந்தப் பிரதியில் 'நான் பெண் இல்லையா' என்ற கேள்வி ஒரு தடவைகூட இல்லை.

நீங்கள் பார்த்தது இன்னொரு பிரதி. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் டேனா கேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, 12 வருஷம் கழித்து, 1863 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் நடுவில் எழுதியது. அந்த நான்கு கேள்வியும் அதில்தான் வருகின்றன. '13 பிள்ளைகளைப் பெற்றேன், அநேகமாக எல்லோரும் விற்கப்பட்டதைப் பார்த்தேன்' என்பதும் அதில்தான். ட்ரூத்துக்குப் பிறந்தவர்கள் ஐந்து பேர்.

கேஜ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. 12 வருஷத்துக்கு முந்தைய பேச்சை நினைவிலிருந்து, அதுவும் ஒரு போருக்கு ஆள் திரட்டும் வேகத்தில் எழுதினால் என்ன வருமோ அது வந்திருக்கிறது.

பிப்ரவரி 3, அதற்கு அரை மணி கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 13 பிள்ளைக் கதையைவிட நிஜக் கதைக்கு வலு அதிகம். பீட்டர் என்ற மகனைச் சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் நீதிமன்றப் படி ஏறி, 1828-இல் பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத, அடிமைத்தளையிலிருந்து வெளியேறி இரண்டு வருஷமே ஆன ஒரு பெண். வெள்ளைக்காரனுக்கு எதிராக வழக்குப் போட்டு ஜெயித்தார். இது மேடைக்குப் போதாதா?

பிப்ரவரி 6

ஒருவர் கேட்டிருக்கிறார்: "வரி மாறினால் என்ன, கருத்து அதேதானே?"

வரி மட்டும் மாறவில்லை, வாயே மாறிவிட்டது.

ட்ரூத் 1797 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் அல்ஸ்டர் மாவட்டத்தில் பிறந்தவர். அப்போது பெயர் இசபெல்லா. வளர்ந்தது டச்சுக்காரக் குடும்பத்தில். ஒன்பது வயதுவரை அவருக்குத் தெரிந்த ஒரே மொழி டச்சு. அந்த வயதில் அவரை ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஆங்கிலம் பேசும் வீட்டுக்கு விற்றார்கள். எஜமானி வாணலி எடுத்து வா என்பாளாம். பிள்ளைக்குப் புரியாது, அடுப்பில் பானை தொங்கவிடும் கொக்கியைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அடி விழும். அவரே பிற்பாடு சொல்லி எழுதவைத்த வாழ்க்கைக் கதையில் இது இருக்கிறது.

கேஜ் இந்தப் பெண்ணை என்ன மொழியில் பேசவைத்தார் தெரியுமா? தென்மாநிலப் பருத்தித் தோட்டத்து அடிமைகள் பேசுவதாக வெள்ளைக்காரர்கள் எழுதிவந்த கொச்சையில். ட்ரூத் தெற்கில் அடிமையாக இருந்ததே இல்லை. டச்சு வாடை அடிக்கும் ஆங்கிலம் பேசியவர். தன் ஆங்கிலம் ஓரளவு சரியானது என்பதில் அவருக்குப் பெருமையே இருந்தது என்று 1879-இல் மிஷிகன் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு உங்கள் காணொளியைத் திரும்பக் கேளுங்கள். நடிகையின் உச்சரிப்பு எந்த ஊர்?

பிப்ரவரி 7

"வட்டார வழக்கு என்றால் இழிவா? கரிசல் வழக்கில் எழுதினால் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோமே?"

நல்ல கேள்வி, கோபம் வேண்டாம். கரிசல்காரர் கரிசல் வழக்கில் எழுதுவது வேறு. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த ஒரு வட சென்னைக்காரரை, 'கிராமத்தான்னா இப்படித்தான் பேசுவான்' என்று இழுத்து இழுத்துக் கோயம்புத்தூர்த் தமிழ் பேசவைத்து, அதையே அவர் நினைவாகப் பள்ளிக்கூடப் பாடத்தில் சேர்ப்பது வேறு. நடந்தது இரண்டாவது.

பிப்ரவரி 7, மதியம்

இன்னொரு விஷயம், சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். கேஜின் கட்டுரைக்குச் சற்று முன்பு, அதே 1863 ஏப்ரலில், அடிமைமுறையை எதிர்த்து நாவல் எழுதிப் பேர் வாங்கிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் ட்ரூத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் உருகி எழுதினார். அதில் ட்ரூத் காலமாகிவிட்டார் என்று எழுதிவைத்தார். ட்ரூத் அதற்கப்புறம் 20 வருஷம் இருந்தார். 1883 நவம்பரில்தான் இறந்தார். உயிரோடு இருக்கும்போதே அவரை வேறு யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள், மேடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன?

பிப்ரவரி 11

இதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் 'மெழுகு அருங்காட்சியகம்' வைத்தார்கள். இந்த ஊர்ப் பள்ளிகளில் இது சகஜம். பிள்ளைகள் வரலாற்று மனிதர்களாக வேடமிட்டுப் பொம்மைபோல நிற்பார்கள். முன்னால் தரையில் காகிதத்தில் ஒரு பொத்தான் வரைந்திருக்கும். அதை மிதித்தால் பொம்மைக்கு உயிர் வந்து, 'நான் இன்னார்' என்று ஒரு நிமிடம் பேசும். என் மகளுக்கு ஹேரியட் டப்மன், அடிமைத்தளையிலிருந்து தப்பி, திரும்பப் போய் மற்றவர்களையும் தப்பவைத்தவர்.

தலைக்குத் துணி கட்டினேன். என் பழைய பருத்திப் புடவையில் பாவாடை தைத்தேன். கையில் ஒரு லாந்தர். '300 அடிமைகளை மீட்டவர்' என்று அட்டை எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகு கண்மை டப்பாவைத் திறந்தேன். கொஞ்சம் முகத்தில் தேய்த்தால் எடுப்பாக இருக்கும் என்று. அவள் அப்பா, "நம்ம கலருக்கு அதுவேறயா?" என்று கேலி செய்தார். எட்டு வயசுப் பிள்ளைதான் சொன்னது: "அம்மா, முகத்துல எதுவும் பூசக் கூடாது. பேப்பர்ல போட்டிருக்கு, நீ படிக்கலையா?"

படிக்கவில்லை. பள்ளி அனுப்பிய தாளில் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது.

என் தற்காப்புக்கு ஒன்றே ஒன்று. நான் படித்த பள்ளியில் மாறுவேடப் போட்டி என்றால் கரியை அரைத்துப் பூசாத வருஷம் கிடையாது. முதல் பரிசும் அதற்குத்தான். அதில் தப்பு இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. இப்போது நினைத்தால், கரி பூசிக்கொண்டு நாங்கள் யாராக நடித்தோம், சபையில் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் ஒன்றொன்றாக ஞாபகம் வருகிறது.

பிப்ரவரி 12

ஏன் பூசக் கூடாது என்று கேட்டவருக்கு. 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, 'ஜிம் க்ரோ' என்ற கருப்பினக் கோமாளியாக ஆடிப்பாடிப் பேர் வாங்கினார். அதைப் பார்த்து ஊர் ஊராகக் குழுக்கள் முளைத்தன. கந்தல் உடை, உருட்டு விழி, உடைந்த ஆங்கிலம். பின்னால் தெற்கில் கருப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைத்த சட்டங்களுக்கு அந்தக் கோமாளியின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இப்போது பிப்ரவரி 6 குறிப்பை ஒருமுறை பாருங்கள். கேஜ் ட்ரூத்தின் வாயில் வைத்த கொச்சை அந்த மேடைக் கொச்சைக்குப் பங்காளி. முகத்துக்குப் பூசுகிற கரி மாதிரி குரலுக்குப் பூசிய கரி. எழுதும்போது எனக்கு இது தெரிந்திருந்தது, ஆனால் கண்மை டப்பாவைச் சொல்லாமல் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 13

ஆமாம், கவனித்தேன். திருத்தம் அனுப்பிய மூன்று பேருக்கும் நன்றி. '300 அடிமைகள்' தப்பு. 1860-களில் சாரா பிராட்ஃபோர்ட் எழுதிய டப்மன் வாழ்க்கைக் கதையில் வந்த எண் அது: 19 பயணம், 300 பேர். பிறகு ஆவணங்களைத் தோண்டியவர்கள் சொல்வது, ஏறக்குறைய 13 பயணம், 70 பேர் சுமார். அதுவே ஒவ்வொரு முறையும் தலையைப் பணயம் வைத்துப் போனது. பெரிய எண் வேண்டும் என்றால் 1863 ஜூன் 1-2 இரவு இருக்கிறது. தென் கரோலைனாவில் கொம்பாஹி ஆற்றில் படகுகளோடு ராணுவத்துக்கு வழிகாட்டிப் போனார். ஒரே இரவில் 700 பேருக்கு மேல் விடுதலை.

'தாங்கள் அடிமைகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை மீட்டிருப்பேன்' என்று அவர் பெயரில் வாட்ஸாப்பில் சுற்றுவதும் அவர் சொன்னது இல்லை. தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

அட்டையைத் திருத்த வழியில்லை. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 19

'நிகழ்ச்சி எப்படி நடக்கும், நாடகமா, சொற்பொழிவா' என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இந்த வடிவத்துக்கு ஷட்டாக்வா என்று பெயர். நியூயார்க் மாநிலத்தில் அந்தப் பெயரில் ஓர் ஏரி. அதன் கரையில் 1874-இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய கோடை முகாம், பிறகு கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றும் சொற்பொழிவு, பாட்டு, வேடிக்கை என்று பரவிற்று. சினிமாவும் வானொலியும் வந்ததும் படுத்துவிட்டது. 1970-களில் திரும்ப எழுப்பியபோது புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பேசுகிறவர் வரலாற்று மனிதராகவே வரவேண்டும்.

மூன்று கட்டம். முதலில் முக்கால் மணி நேரம் 'நான்' என்று தன் கதை சொல்வார். இரண்டாவது, வேடம் கலையாமல் சபையின் கேள்விகளுக்குப் பதில். மூன்றாவது, வேடத்தைக் கழற்றிவிட்டு, ஆராய்ந்து படித்தவராகப் பதில்.

இரண்டாம் கட்டத்தில் விஷமக்காரர்கள் கிளம்புவார்கள். எங்கள் கிளையில் ஒருவர் ட்ரூத்திடம், "ஒபாமாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்த அம்மா பின்னலூசியைக் கீழே வைக்காமல், "அந்தக் கனவானை நான் அறியேன். அவர் மிஷிகன்காரரா?" என்றார். கூடம் அதிர்ந்தது. ட்ரூத் தன் கடைசிக் காலத்தை மிஷிகனில் பேட்டில் கிரீக்கில் கழித்தவர். தெரியாத கேள்விக்கும் தெரிந்த ஊரை வைத்துப் பதில் சொன்னார் பாருங்கள், அங்கேதான் படிப்பு தெரிகிறது.

இன்னொரு தடவை டப்மன். கதையின் நடுவில், ஓடையைக் கடக்கிற இடத்தில், பேசிக்கொண்டிருந்தவர் தலை தொங்கி உட்கார்ந்தபடியே உறங்கிப்போனார். பத்து விநாடி. இருபது விநாடி. எனக்கு உடம்பு வியர்த்தது, முதலுதவிப் பெட்டி எங்கே என்று கண் தேடியது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்துபோய் அவர் முழங்கையைத் தொட்டான். கண் திறந்தவர், விட்ட சொல்லிலிருந்து கதையைத் தொடர்ந்தார். டப்மன் சிறு பெண்ணாக இருக்கும்போது, தப்பியோடும் ஓர் அடிமையை நோக்கி மேற்பார்வையாளன் எறிந்த இரண்டு பவுண்டு எடைக்கல் அவர் மண்டையைப் பிளந்தது. ஆயுள் முழுக்க அவருக்கு இப்படித் திடீர் உறக்கம் உண்டு. 'எனக்கு மண்டையில் அடிபட்டது' என்று பத்து வரி பேசியிருந்தால் அந்தப் பையனுக்கு மறந்திருக்கும்.

டப்மனே பெரிய கதைசொல்லி என்பதையும் சொல்லவேண்டும். அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் தன் பயணங்களைப் பாடி, குரல் மாற்றி, நடித்துக் காட்டுவாராம். ஆகவே இவரை நடிப்பது ஒரு நடிகையை நடிப்பது.

ஆனால் நான் காத்திருப்பது மூன்றாம் கட்டத்துக்கு. குல்லாவைக் கழற்றி மேசையில் வைக்கும்போது முதுகு நிமிரும், குரல் பத்து வயது குறையும். அப்புறம், 'இது அவர் சொன்னது. இது பிறர் எழுதியது. இது நானாகச் சேர்த்தது' என்று பிரித்து வைப்பார். நல்ல துணிக்காரர் புடவையைத் திருப்பிப்போட்டு நூலைக் காட்டுவாரே, அந்த மாதிரி.

பிப்ரவரி 20

உடை பற்றி. கந்தலோடு ட்ரூத்தாக வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். ட்ரூத் தன் படத்தை அட்டைகளாக எடுத்து விற்றுத்தான் பிழைப்பும் பயணமும் நடத்தினார். அந்தப் படங்களில் தூய வெள்ளைக் குல்லா, சால்வை, மூக்குக்கண்ணாடி, கையில் பின்னல். கௌரவமான குடும்பத்துப் பெண் தோற்றம். படத்தின் அடியில் அச்சிட்டிருந்த வாசகத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'நிஜத்தைக் காப்பாற்ற நிழலை விற்கிறேன்.' எப்படித் தெரியவேண்டும் என்று அவரே முடிவு செய்து, காசு கொடுத்துப் படம் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் ஏன் கிழித்துப் போடவேண்டும்?

மார்ச் 2

நேற்று ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் ஃபேனி லூ ஹேமர் நிகழ்ச்சி. மிசிசிப்பியில் கருப்பினரின் வாக்குரிமைக்குப் போராடியவர் ஹேமர். நூலக வேலை இல்லை, பார்வையாளராகப் போனேன். இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை.

ஹேமரை நடிப்பது ட்ரூத்தை நடிப்பதற்கு நேர் எதிர்ச் சிக்கல். ட்ரூத்தின் குரல் யாருக்கும் தெரியாது. ஹேமரின் குரல் ஒலிப்பதிவாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டு ஒப்பிடலாம். மிமிக்ரி செய்தால் தோற்றுவிடுவோம். இவர் செய்யவில்லை. பூப்போட்ட கவுன், மடியில் கைப்பை, ஒரு மடக்கு நாற்காலி. உட்கார்ந்து, கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, தன் முகவரியைச் சொன்னார்.

அவ்வளவுதான் தொடக்கம். 626, கிழக்கு லஃபாயெட் தெரு, ரூல்வில், மிசிசிப்பி.

1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் குழு முன்னால் ஹேமர் சாட்சி சொன்னபோது இப்படித்தான் ஆரம்பித்தார். பெயர், தெரு, கதவு எண். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதியப் போனதற்காக, 18 வருஷம் வேலை செய்த தோட்டத்திலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டவர். பத்தாவது நாள், அவரைக் குறிவைத்து, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் 16 தோட்டாக்கள் பாய்ந்தன. அப்படிப்பட்டவர் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் கதவு எண்ணைச் சொல்கிறார். இதுவரை எத்தனையோ தடவை அந்த ஒலிப்பதிவைக் கேட்டிருக்கிறேன், முகவரி வரும் இடத்தில் 'முன்னுரை' என்று காதை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. நேற்றுத்தான் உறைத்தது.

வினோனா சிறை. 1963 ஜூனில் வாக்காளர் பயிற்சி முடித்து பேருந்தில் திரும்பும்போது பிடித்து அடைத்தார்கள். காவலர்கள் கட்டளையிட, சிறையில் இருந்த இரண்டு கருப்பினக் கைதிகள் மாறி மாறி அடித்தார்கள். சிறுநீரகமும் கண்ணும் கடைசிவரை சரியாகவில்லை. இதை எப்படி நடிப்பது? பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப்போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. முதுகு மட்டும்தான். கூடத்தில் யாரோ மெல்ல ஆரம்பித்தார்கள், 'இந்தச் சின்ன விளக்கு' பாட்டை. ஹேமர் எங்கே போனாலும் பாடிய பாட்டு அது. பாட்டு பரவி முடிந்தபோது அவர் திரும்பினார்.

இங்கே ஒரு வழக்கம். மேடையில் பேசுபவர் வரியை முடிக்கும் முன்பே சபை பதில் கொடுக்கும். 'ஆமாம்', 'சொல்லு அம்மா', 'அப்படித்தான்' என்று. எனக்கு எந்த இடத்தில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் தாளம் தப்பி ஒரு 'ஆமாம்' போட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் தொடையைத் தட்டி, "அடுத்தது" என்றார். அடுத்ததில் சேர்ந்துகொண்டேன்.

மார்ச் 3

ஹேமர் சாட்சியத்தில் தன்னை 'மிசஸ் ஃபேனி லூ ஹேமர்' என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த 'மிசஸ்' சும்மா வந்தது இல்லை. தெற்கில் வெள்ளைக்காரர்கள் எந்த வயது கருப்பினப் பெண்ணையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அலபாமா நீதிமன்றத்தில் வழக்கறிஞர் 'மேரி' என்று கூப்பிட்டதற்கு, 'மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிட்டால்தான் பதில்' என்று மறுத்த மேரி ஹாமில்டனுக்கு நீதிமன்ற அவமதிப்புத் தண்டனை. உச்ச நீதிமன்றம் 1964-இல் அதை ரத்து செய்தது.

வயதில் மூத்தவரை எந்தத் தெருக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

மார்ச் 9

"அன்றைக்கு ஜனாதிபதி ஜான்சன் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார் என்கிறார்களே?" நிறுத்தவில்லை. அதே நேரத்தில் அவசரமாகப் பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்றை வைத்தார். கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. ஆனால் அன்று இரவு செய்தியில் ஹேமரின் சாட்சியத்தை எடுத்துப் போட்டார்கள். பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். வேண்டாம் என்று மூடிய கதவு அகலமாகத் திறந்துகொண்டது.

மார்ச் 16

கும்பல் கொலைகளை அம்பலப்படுத்திய கருப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு தங்கை கோபித்துக்கொண்டாள். எழுதாததற்குக் காரணம், நான் பார்த்த ஒரே வெல்ஸ் நிகழ்ச்சி பாதி நன்றாக இருந்தது, பாதி சோர்வாக இருந்தது.

நன்றாக இருந்த பாதி: 1880-கள், ரயில். பெண்களுக்கான பெட்டியில் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தவரை எழுந்து போகச் சொல்லி நடத்துநர் கையைப் பிடித்து இழுக்க, வெல்ஸ் அவன் புறங்கையைக் கடித்துவிட்டார். அவரே எழுதியிருக்கிறார். பிறகு வழக்கு, 500 டாலர் தீர்ப்பு, 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. கடிக்கும் இடத்தில் கைதட்டல் ஓயவில்லை.

சோர்வான பாதி: 1892-இல் மெம்பிஸில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் உட்பட மூன்று மளிகைக் கடைக்காரர்களைக் கும்பல் கொன்றது. வெல்ஸ் அதைப் பற்றி எழுத, அவர் பத்திரிகை அலுவலகத்தை உடைத்துப்போட்டார்கள். அதற்கப்புறம் அவர் செய்தது எண்ணுவது. வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட கொலைக் கணக்கை எடுத்து, பெயர், ஊர், தேதி, சொன்ன காரணம் என்று வரிசையாக அடுக்கினார். அவர் ஆயுதமே அந்த வறண்ட வரிசை. நிகழ்த்தியவர் அதற்குக் கண்ணீரும் நடுங்கும் குரலும் சேர்த்தார். வெறுமனே படித்திருந்தால் நான் எழுந்து வெளியே போயிருப்பேன், தாங்கமுடியாமல். இப்போது தாங்கமுடிந்தது, அதுதான் குறை.

தங்கைக்கு: வேறு நல்ல வெல்ஸ் கிடைத்தால் திருத்திக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5

காசு பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். எண் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். பிப்ரவரி கருப்பினர் வரலாற்று மாதம், மார்ச் பெண்கள் வரலாற்று மாதம். அந்த எட்டு வாரத்தில் இவர்களுக்கு ஒரே நாளில் மூன்று ஊர். ஏப்ரல் முதல் தேதிக்கு மேல் போன் அடிக்காது. ஒருவர் என்னிடம் சொன்னார், "ஹேரியட் டப்மன் ஜூலையில் சாப்பிடமாட்டாள் என்று நினைக்கிறார்கள்."

மே 29

மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இன்று இருவரும் ஏக்ரன் போனோம். 1851-இல் மாநாடு நடந்த கல் தேவாலயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ட்ரூத் பெயரில் ஒரு சதுக்கமும், உள்ளூர்ச் சிற்பி உட்ரோ நாஷ் செய்த சிலையும் இருக்கின்றன. 2024-இல் இதே மே 29 அன்று திறந்தார்கள்.

மகள் போனில் ராபின்சன் பிரதியை எடுத்து, சிலைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தாள். 'நான்' என்று வரும் இடமெல்லாம் லேசாகத் தடுக்கினாள். ஆண்பிள்ளை அளவுக்கு எனக்கும் தசைவலு உண்டு, உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன் என்று போகும். அறிவு ஆணுக்கு ஒரு படி, பெண்ணுக்கு ஆழாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆழாக்கு நிறைய எங்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று ஒரு கேலி. கடைசியில், ஒரு பக்கம் அடிமைகள், இன்னொரு பக்கம் பெண்கள், நடுவில் ஆண் பருந்துக்கும் கழுகுக்கும் இடையில் மாட்டிக்கொண்டான் என்று முடியும். மகள் சிரித்துவிட்டாள். "இவ்வளவு காமெடியா இருக்கும்னு யாரும் சொல்லலையேம்மா."

உண்மைதான். கேஜ் பிரதியில் ட்ரூத் கர்ஜிக்கிறார், ராபின்சன் பிரதியில் குசும்பு செய்கிறார். மேடையில் யாரும் அந்தக் குசும்பை நடிக்கப் பார்த்ததில்லை நான்.

ஜூன் 8

சுவரொட்டிக் கதை. சொல்கிறேன் என்று நாலு மாசமாக ஏமாற்றிவிட்டேன்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் கிளையில் ட்ரூத் நிகழ்ச்சி. ஒபாமா கேள்விக்குப் பதில் சொன்ன அதே அம்மாதான். சுவரொட்டி என் பொறுப்பு. நடுவில் பெரிதாக 'நான் பெண் இல்லையா?' என்று போட்டு 40 பிரதி அடித்து, ஒன்பதை ஒட்டியும் விட்டேன். அவருக்கு ஒரு பிரதி மின்னஞ்சலில் அனுப்பியதும் போன் வந்தது. கோபப்படவில்லை, அது இன்னும் மோசம். "அன்பே, அந்த வரி என் நிகழ்ச்சியில் கிடையாது." அப்போதுதான் எனக்கு ராபின்சன் என்ற பெயரே தெரியும். பிப்ரவரி 3 அன்று உங்களுக்கு நான் அளந்ததெல்லாம் அந்த போனில் கற்றுக்கொண்டது.

மேலதிகாரியிடம் மாற்றலாமா என்று கேட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்றார். அவர் கணக்கிலும் பிசகில்லை, 60 நாற்காலி நிறைந்தது.

நிகழ்ச்சி அருமை. வாணலி, கொக்கி, பீட்டரை மீட்டது எல்லாம் வந்தது. அந்த வரி வரவில்லை. மூன்றாம் கட்டத்தில், குல்லாவைக் கழற்றிவைத்து, இரண்டு பிரதிகளையும் விளக்கினார். அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு மூதாட்டி, எண்பது இருக்கும், கருப்பினத்தவர், கைத்தடியை ஊன்றி எழுந்தார். சண்டைபோட எழுந்த மாதிரி இல்லை. அவருக்குப் பத்து வயதில் தேவாலயத்தில் அந்த உரையை மனப்பாடம் செய்து ஒப்பித்தாராம், வேலைக்குப் போன முதல் நாள் கழிப்பறையில் நின்று அந்த வரியைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். "அவள் சொல்லவில்லை என்றால் சரி. நான் சொல்லியிருக்கிறேன்" என்றார். பிறகு அங்கேயே நின்று கேஜ் பிரதியை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார். கொச்சை இல்லை. அவருடைய சொந்த ஒஹாயோ ஆங்கிலத்தில். ஒவ்வொரு முறை அந்தக் கேள்வி வந்தபோதும் பின்னாலிருந்து பதில் வந்தது. நிகழ்த்துநர் அம்மா மேசைமேல் கிடந்த குல்லாவைப் பார்த்தபடி நின்றார். முடிந்ததும் கீழே இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆகவே முதல் கேள்வி கேட்டவரே, நீங்கள் பார்த்த காணொளியை நான் நிராகரிக்கவில்லை. அதில் எனக்கு உறுத்துவது வரி இல்லை, உச்சரிப்பு. நாலு மாசம் எழுதியபிறகு இவ்வளவுதான் மிச்சம் நிற்கிறது.

ஜூன் 9

"மீதிச் சுவரொட்டி என்ன ஆயிற்று?"

31 பிரதி. பின்பக்கம் வெள்ளை, அதனால் பிள்ளைகள் கதை நேரத்தில் படம் வரையக் கொடுத்துவருகிறேன். இன்னும் பன்னிரண்டு இருக்கிறது.

ஜூன் 20

அந்த அம்மாவை அடுத்த பிப்ரவரிக்குக் கேட்டு எழுதியிருந்தேன். இன்று பதில். பிப்ரவரி முழுக்க நிரம்பிவிட்டதாம், இந்த அக்டோபரில் வரட்டுமா என்று கேட்கிறார். மேலதிகாரி, "அக்டோபரில் என்ன விசேஷம்?" என்றார். ஒன்றும் இல்லை, அவருக்கு நாள் ஒழிகிறது என்றேன். தேதி போட்டாயிற்று. இந்த முறை சுவரொட்டியில் பருந்தும் கழுகும்.